கால் கொடுத்தால் போதுமா? மூட்டு நிலைக்க வேண்டாமா?

(தொழில்நுட்ப மாணவரும் பொதுமக்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயற்கைக் கால்களைப் பற்றி நம் நாட்டிலே பேச்சு எழும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகின்றது. "எத்தனை கால்கள் வழங்கப்பட்டன?" என்பதே அக்கேள்வி. மேடை அமைக்கப்படுகின்றது, மாலைகள் சூட்டப்படுகின்றன, கால்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன, படம் பிடிக்கப்படுகின்றது. மறுநாள் பத்திரிகையில் எண்ணிக்கை வெளிவருகின்றது. அத்துடன் கணக்கு மூடப்பட்டுவிடுகின்றது. அந்தக் கால் ஓராண்டு கழிந்தபின் எங்கே இருக்கின்றது, அது நடக்கின்றதா, அல்லது வீட்டு மூலையிலே சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றதா என்று கேட்பாரைக் காணோம்.

நாம் இன்று கேட்க விரும்புவது அந்த இரண்டாவது கேள்வியையே. கொடுக்கப்பட்ட கால் எத்தனை நாள் உழைத்தது? அதை அணிந்தவர் அதனோடு உட்கார முடிந்ததா, படியேற முடிந்ததா, வயலில் இறங்க முடிந்ததா? இக்கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் ஒரு சிறு பொருளிலே அடங்கியிருக்கின்றது. அதுதான் மூட்டு. ஆகவே மூட்டைப் பற்றியே இன்று சிறிது விரிவாகப் பேச எண்ணுகின்றோம்.

இதைச் சிறு விடயம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. ஆனால் போரிலே கால் இழந்தவனின் வாழ்க்கை அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. கண்ணிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தவர்கள் இன்று நடுவயதை நோக்கிச் செல்கின்றார்கள், குடும்பம் நடத்துகின்றார்கள், உழைக்கின்றார்கள். அவர்களோடு, நீரிழிவு நோயினாலும் வீதி விபத்துகளினாலும் கால் இழப்போர் ஒவ்வோர் ஆண்டும் வந்து சேர்கின்றார்கள். போர் முடிந்தது என்பதற்காக இத்தேவை முடியவில்லை என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஒரு கணக்கு

வளர்ந்த ஒருவருக்குச் செயற்கைக் காலை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றும், வளரும் குழந்தைக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றும் இத்துறையில் உழைப்போர் பொதுவாகக் கூறுவர். இதை வைத்துக்கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது வயதிலே கால் இழந்து எழுபது வயது வரை வாழும் ஒருவருக்கு 10 முதல் 17 கால்கள் வேண்டும். ஆறு வயதிலே கால் இழந்த ஒரு குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் மாத்திரம் 24 கால்கள் வேண்டும்!

ஒரு நாள் மேடையிலே ஒரு காலைக் கொடுத்துவிட்டு, "கடமை முடிந்தது" என்று கூறுவோர் இக்கணக்கைச் சிந்திக்க வேண்டும். "பொய்க்கால்" என்று நம் மக்கள் சொல்கின்றார்கள். பொய் அந்தக் காலிலே இல்லை; ஒரு காலைக் கொடுத்து ஓர் ஆயுட்காலத்தின் கடமையை முடித்துவிட்டதாக எண்ணும் மனப்பான்மையிலேதான் இருக்கின்றது.

முழங்கால் செய்யும் வேலை

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் ஒரு வகையிலே அதிட்டசாலி. அவருடைய சொந்த முழங்கால் எஞ்சியிருக்கின்றது. முழங்காலுக்கு மேலே இழந்தவரின் நிலை வேறு. அவருக்குப் பாதத்தோடு முழங்கால் மூட்டையும் செய்து கொடுக்க வேண்டும். இங்கேதான் வடிவமைப்பவனின் அறிவுக்குச் சோதனை தொடங்குகின்றது.

முழங்கால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்கின்றது. நடையின் ஒரு சுற்றிலே நூற்றுக்கு அறுபது பங்கு நேரம் கால் தரையிலே ஊன்றி நிற்கின்றது. நாற்பது பங்கு நேரம் காற்றிலே முன்னோக்கி வீசப்படுகின்றது. ஊன்றி நிற்கும்போது மூட்டு மடங்கக் கூடாது. மடங்கினால் மனிதன் விழுந்துவிடுவான். வீசப்படும்போது மூட்டு தாராளமாக மடங்க வேண்டும். மடங்காவிட்டால் கால்விரல் நிலத்திலே தட்டி, அப்போதும் மனிதன் விழுந்துவிடுவான். இயற்கை முழங்காலில் இவ்விரண்டையும் தசைகள் கணத்துக்குக் கணம் ஆளுகின்றன. செயற்கை மூட்டிலே தசையும் இல்லை, நரம்பும் இல்லை. அப்படியானால், நிற்க வேண்டிய நேரத்தில் நின்று, மடங்க வேண்டிய நேரத்தில் மடங்குவதற்கு அந்த மூட்டுக்கு யார் கட்டளையிடுவது?

இக்கேள்விக்கு மனிதன் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றான். பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் நாட்டு அறுவை வைத்தியர் அம்புறுவாஸ் பாரே, பூட்டு வைத்த முழங்கால் மூட்டை வரைந்து காட்டினார். நடக்கும்போது மூட்டைப் பூட்டிவிடலாம், உட்காரும்போது திறந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பொட்ஸ் என்பவர், முழங்கால் மடங்கும்போது பாதமும் தானாக மேலெழும்படி, இரண்டையும் நரம்புக் கயிறுகளால் இணைத்து ஒரு காலைச் செய்தார். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போரிலே கால் இழந்த ஆங்கிலசி பிரபு அதை அணிந்தமையால், அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அக்கால் நடக்கும்போது "டக், டக்" என்று ஓசை எழுப்பியதாம். அந்த ஓசையைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கின்றது.

பூட்டின் விலை

பாரே காட்டிய பூட்டு மூட்டு இன்றும் உலகெங்கும் வழங்கி வருகின்றது. அது எளிமையானது, விலை குறைந்தது, நிற்பதற்கு உறுதியானது. முதியவருக்கும் உடல் வலுவற்றவருக்கும் அது தக்க துணையே. ஆனால் நாள் முழுவதும் நடந்து உழைக்க வேண்டிய ஒருவர் அதற்குக் கொடுக்கும் விலை என்ன?

மடங்காத காலை முன்னே கொண்டு வருவதற்கு அவர் இடுப்பைத் தூக்க வேண்டும். அல்லது காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்ற வேண்டும். அல்லது நல்ல காலின் நுனிவிரலில் எழும்ப வேண்டும். ஒவ்வோர் அடியிலும் இப்படிச் செய்தால் இடுப்பும் முதுகும் நோவெடுக்கும். நல்ல காலும் தன் பங்குக்கு மேல் உழைத்துத் தேயும். நீட்டிய காலோடு பஸ்ஸிலே இருக்கை தேடுவதும், சைக்கிளை மிதிப்பதும் எவ்வளவு கடினம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உறுதிக்காகச் சுகத்தை விற்றதே பூட்டு மூட்டின் கதை.

நான்கு சட்ட மூட்டு

இந்த இக்கட்டிலிருந்து மீள்வதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒரே அச்சாணியிலே கதவு போல் திரும்பும் மூட்டுக்குப் பதிலாக, தொடைப் பகுதியையும் கணைக்கால் பகுதியையும் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு சட்டங்களால் இணைப்பது. மேலும் கீழும் உள்ள பகுதிகளையும் சேர்த்தால் நான்கு சட்டங்கள். அவற்றைக் கோக்கும் அச்சாணிகள் நான்கு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லியிலே பேராசிரியர் சாள்ஸ் ரட்கிளிப் இவ்வகை மூட்டின் இலக்கணத்தை ஆராய்ந்து விளக்கினார்.

இதில் உள்ள நன்மை யாது? கதவின் கீல் ஒரே இடத்தில் நிற்கின்றது. நான்கு சட்ட மூட்டுக்கோ நிலையான கீல் இல்லை. சட்டங்கள் அசைய அசைய, மூட்டு திரும்பும் மையமும் இடம் பெயர்கின்றது. கால் நேராக நீட்டி ஊன்றப்பட்டிருக்கும்போது அந்த மையம் மேலேயும் பின்னேயும் அமையுமாறு செய்யலாம். அப்போது உடலின் பாரம் மையத்துக்கு முன்னாலே விழுந்து மூட்டை மேலும் நேராகவே அழுத்துகின்றது. பூட்டு இல்லை, ஆயினும் பூட்டியது போன்ற உறுதி! பாரம் நீங்கிக் கால் வீசப்படும்போது மையம் இடம் மாறி மூட்டு இலகுவாக மடங்குகின்றது. மடங்கும்போது பாதம் சற்று மேலே இழுக்கப்படுவதால் விரல் தரையில் தட்டும் அபாயமும் குறைகின்றது. உட்காரும்போது கணைக்கால் தொடையின் கீழே மடிந்து போவதால், செயற்கை முழங்கால் மற்ற முழங்காலைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும் குறைகின்றது.

மின்சாரம் இல்லை, யந்திர மூளை இல்லை, சட்டங்களின் நீளத்தையும் அச்சாணிகளின் இடத்தையும் அளந்து வைத்ததன் பயன் இது. வடிவம் என்பது அழகுக்கு மாத்திரம் உரிய சொல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தேய்வு எனும் பகை

ஆனால் ஒன்று. ஓர் அச்சாணி இருந்த இடத்திலே நான்கு வந்தால் தேயும் இடங்களும் நான்காகின்றன. இங்கே நிலைத்திருத்தல் என்ற கேள்வி எழுகின்றது.

நாளொன்றுக்கு ஆறாயிரம் அடி நடக்கும் ஒருவர், செயற்கைக் காலை மூவாயிரம் முறை ஊன்றுகின்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சம் முறை! செயற்கைக் கால்களின் வலிமையைச் சோதிக்கும் சர்வதேசத் தர விதியிலே, ஒரு காலின் மீது 30 இலட்சம் முறை பாரத்தை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கின்றது. நாம் சொன்ன கணக்கிலே அது மூன்றாண்டு நடைக்கும் சற்றுக் குறைவு. ஆனால் சோதனைச் சாலையிலே சேறு இல்லை. கடற்கரை மணல் இல்லை. உப்புக் காற்று இல்லை. வன்னியின் வயலும், வடமராட்சியின் மணலும், களப்பு நீரும் அந்த யந்திரத்துக்குத் தெரியாது.

தேய்வு சிறிதாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். மூட்டின் அகலம் 5 சென்ரிமீற்றர் என்றும், மூட்டிலிருந்து பாதம் 40 சென்ரிமீற்றர் கீழே இருக்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மூட்டின் ஓரத்திலே அரை மில்லிமீற்றர் தளர்வு ஏற்பட்டால், பாதத்திலே அது 4 மில்லிமீற்றர் ஆட்டமாகின்றது. அணிந்தவருக்கு அது எண்ணாகத் தெரியாது, அச்சமாகத் தெரியும். "இந்தக் கால் என்னை விழுத்திவிடுமோ?" என்ற ஐயம் மனதில் புகுந்துவிட்டால் அவர் ஊன்றுகோலைத் தேடுவார், பின்னர் காலையே கழற்றி வைத்துவிடுவார்.

ஆகவே மூட்டை வடிவமைப்பவன் முதலாவதாகத் தீர்மானிக்க வேண்டியது, எது தேய வேண்டும் என்பதே. தேயாத பொருள் உலகிலே இல்லை. உருக்கு அச்சாணியும் உருக்குத் துளையும் ஒன்றோடொன்று உராய்ந்தால் இரண்டும் கெடும். நடுவிலே மிருதுவான நைலோன் புஷ் ஒன்றைப் போட்டால், மலிவான அந்தப் புஷ் தேய்ந்து, விலையுயர்ந்த அச்சாணியைக் காப்பாற்றும். தேய்ந்ததைத் தட்டி எடுத்துப் புதியதைப் போட்டுவிட்டால் மூட்டு மீண்டும் இறுகும்.

இரண்டாவது, எண்ணெய். வெளியே எண்ணெய் பூசினால் மணலும் தூசியும் அதிலே ஒட்டிக்கொண்டு அரம் போல் அராவும். எண்ணெயைத் தன்னுள்ளே கொண்ட நைலோன் இக்குறையைத் தீர்க்கின்றது. மூன்றாவது, உலோகங்களின் சேர்க்கை. உருக்கும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். கடலோடு வாழும் மக்களுக்குக் கால் செய்பவன் இதை மறக்கலாகாது. நான்காவது, திருகாணி. அயலிலுள்ள சைக்கிள் கடையிலே கிடைக்கும் அளவில் திருகாணி இருக்குமானால், பழுது ஒரு மணி நேரத்தில் தீரும். பிறநாட்டிலிருந்து வர வேண்டிய அளவில் இருக்குமானால், அந்த மனிதன் மாதக்கணக்கில் முற்றத்தைத் தாண்ட மாட்டான்.

இந்த வழியிலே செய்யப்பட்ட முயற்சி ஒன்றை இங்கே எடுத்துக் காட்டுவோம். 2008ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் சிலர், ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் வழங்கிவரும் அமைப்போடு சேர்ந்து, எண்ணெய் ஊறிய நைலோனைக் கொண்டு நான்கு சட்ட முழங்கால் மூட்டு ஒன்றை அமைத்தார்கள். ஏறத்தாழ 20 டொலர் செலவிலே செய்யக்கூடியதாக அது அமைந்தது. 2009ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளின் வரிசையிலே "ரைம்" சஞ்சிகை அதையும் சேர்த்தது. ஆயினும் வேலை அத்துடன் நிற்கவில்லை. அதன் வழியில் பின்னர் வந்த மூட்டிலே ஓசையைத் தணிக்கும் தடுப்பும் சேர்க்கப்பட்டது. ஆங்கிலசி பிரபுவின் காலில் கேட்ட ஓசை இரு நூற்றாண்டு கழித்தும் ஒரு குறையாகவே கருதப்பட்டது! ஏன்? நடக்கும்போதெல்லாம் ஓசை எழுந்தால் ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கும். மூட்டின் சுகத்திலே மானமும் அடங்கியிருக்கின்றது.

அச்சாணி இல்லாத மூட்டு

இனிக் கணுக்காலுக்கு வருவோம். தேய்வைத் தடுப்பதற்கு மிகத் துணிவான வழி, அச்சாணியையே நீக்கிவிடுவது. 1950களிலே பேர்க்லியில் உருவான பாதம் ஒன்று அவ்வழியைக் காட்டியது. அதில் அசையும் கணுக்கால் இல்லை. குதியிலே மெத்தென்ற றப்பர் மாத்திரம் வைக்கப்பட்டது. குதி ஊன்றும்போது றப்பர் அமுங்கிக் கணுக்காலின் வேலையைச் செய்தது. ஆனால் அப்பாதம் சப்பாத்து அணிந்து, கதிரையில் இருந்து, சமதளத்தில் நடக்கும் மக்களுக்காகச் செய்யப்பட்டது. இந்திய உழவன் அதை அணிந்து குந்தியிருக்க முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை, வெறுங்காலோடு வரப்பிலே நடக்க முடியவில்லை.

1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் வைத்தியசாலையிலே இதற்கு விடை பிறந்தது. இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும், டாக்டர் பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் அதன் கர்த்தாக்கள். சர்மா பெரிய பட்டங்கள் பெற்றவரல்லர், கைத்தொழிலிலே வல்லவர். நுண்துளை றப்பரும் மரமும் உள்ளே வைக்கப்பட்டு, ரயர் செய்யும் றப்பரால் போர்த்து, அச்சிலே இட்டு வேகவைத்து எடுக்கப்பட்டது அந்தப் பாதம். அதிலும் கணுக்கால் அச்சாணி இல்லை. ஆனால் றப்பர் எல்லாத் திசைகளிலும் வளைந்து கொடுத்தது. மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பாதம் சாய்ந்தது. குந்தியிருக்க இடம் கொடுத்தது. நீரிலும் சேற்றிலும் கெடாது நின்றது. பார்வைக்கும் மனிதப் பாதம் போன்றே இருந்தது. 1975ஆம் ஆண்டு பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி தோன்றிய பின், அது பெருந்தொகையான மக்களைச் சென்றடைந்தது. 1981ஆம் ஆண்டு டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அணிபவர் எப்படி வாழ்கின்றார் என்பதை முதலிலே பார்த்தார்கள். பின்னரே பாதத்தைச் செய்தார்கள். நடப்பதற்கு முழங்கால் 60 பாகை அளவு மடங்கினால் போதும். கதிரையில் இருக்க 90 பாகை வேண்டும். குந்தியிருக்க 130 பாகைக்கு மேல் வேண்டும். கோயிலிலே விழுந்து வணங்குபவர், பள்ளிவாசலிலே தொழுபவர், தேவாலயத்திலே முழந்தாளிடுபவர், அடுப்படியிலே குந்தியிருந்து சமைக்கும் தாய், இவர்கள் அனைவரும் 90 பாகையோடு நிற்கும் மூட்டினால் தங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியை இழக்கின்றார்கள். தொடையில் கால் இழந்தவர் சம்மணமிட வேண்டுமானால், முழங்காலுக்கு மேலே காலைத் திருப்பிவிடும் தனி அமைப்பு ஒன்றும் வேண்டும். இவை ஆடம்பரங்களா?

சுகம் எங்கே இருக்கின்றது?

மூட்டு எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், எஞ்சிய கால் நுழைந்திருக்கும் கூடு சரியாக அமையாவிட்டால் பயன் இல்லை. தோல் பாரம் தாங்குவதற்கென்று படைக்கப்பட்டதன்று. எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று அறிந்து கூட்டைச் செதுக்க வேண்டும். 1950களின் பிற்பகுதியிலே பேர்க்லியில் வகுக்கப்பட்ட முறையில், முழங்காற் சில்லுக்குக் கீழே உள்ள உறுதியான தசைநாரின் மீது பாரத்தின் பெரும்பங்கு தாங்கப்பட்டது. அறுவைக்குப் பின் முதல் மாதங்களிலே எஞ்சிய கால் சுருங்கும்; அப்போது கூட்டை மாற்ற வேண்டும். நம் வெப்ப நாட்டிலே வியர்வையால் தோல் ஊறிப் புண்ணாகும். நீரிழிவு உள்ளவருக்கோ உணர்ச்சி மரத்திருப்பதால் புண் வந்ததே தெரியாது. ஒரு சிறு புண் மீண்டும் ஓர் அறுவைக்கு வழி வகுத்துவிடலாம்.

அடுத்தது நேரமைப்பு. கொத்தன் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பது போலவே, கால் செய்பவரும் இடுப்பு மூட்டின் பக்கத்திலிருந்து நூல் பிடித்துப் பார்க்கின்றார். முழங்கால் அச்சு நூலுக்குச் சற்றுப் பின்னே இருந்தால் மூட்டு உறுதியாக நிற்கும். அதிகம் பின்னே போனால் மடங்க மறுக்கும். முன்னே வந்தால் திடீரென்று மடிந்து ஆளை விழுத்தும். சிறிதளவு இடப்பெயர்ச்சியே நல்ல மூட்டைக் கெட்ட மூட்டாக்கிவிடும். இன்னொன்று எடை. விளக்கைக் கையிலே பிடிப்பதற்கும், நீண்ட கோலின் நுனியிலே கட்டிப் பிடிப்பதற்கும் வேறுபாடு இல்லையா? பாதத்தருகே சேரும் எடை ஒவ்வோர் அடியிலும் களைப்பைக் கூட்டுகின்றது. ஆகையால், மூட்டைப் பெட்டியிலே போட்டு அனுப்பிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் தவறு செய்கின்றனர். அதைப் பொருத்தும் கையும், மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தும் கண்ணும் வேண்டும்.

மலிவு என்பது மட்டமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "பணம் படைத்த நாட்டினர் கணினி பொருந்திய முழங்காலை அணிகின்றனர்; ஏழைகளுக்கு மாத்திரம் நைலோனும் றப்பருமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1997ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் ஒட்டோ பொக் நிறுவனம் வெளியிட்ட முழங்கால், காலின் கோணத்தையும் பாரத்தையும் இடைவிடாது அளந்து, மூட்டின் எதிர்ப்பைத் தானே மாற்றிக்கொள்கின்றது. படி இறங்குவதிலும் சரிவிலே நடப்பதிலும் அது தரும் துணையை நாம் குறைத்துக் கூற மாட்டோம். நம் மக்களும் அதற்கு உரியவர்களே.

ஆனால் மின்கலம் ஏற்ற வேண்டிய மூட்டு, திருத்துவதற்குப் பிறநாடு செல்ல வேண்டிய மூட்டு, அதன் விலை ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கும் மூட்டு, நம் கிராமத்திலே எத்தனை நாள் உழைக்கும்? மலிவான மூட்டை நாம் கேட்கவில்லை. நீடித்து உழைக்கும் மூட்டைக் கேட்கின்றோம். மலிவு என்ற பெயரிலே மட்டமானதைத் தலையில் கட்டுவார்களானால் அதை எதிர்ப்பதில் நாமே முன்னணியில் நிற்போம். சோதனையும் தரமும் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நாம் கோருவது என்ன?

நம் நாடு இத்துறையிலே வெறுங்கையோடு நிற்கவில்லை. கொழும்பிலே 1985ஆம் ஆண்டு ஜெய்ப்பூர்ப் பாதம் செய்யும் பணி தொடங்கியது. யாழ்ப்பாணத்திலே 1987ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் நிலையம் தோன்றிப் போர்க்காலத்தின் கொடுமைகளினூடும் பணி செய்தது. ராகமையிலே 2004ஆம் ஆண்டு செயற்கை அவயவத் தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி ஏற்பட்டது. அங்கெல்லாம் உழைத்தோருக்கு நம் நன்றி உரியது. சட்டமும் இல்லாமல் இல்லை. அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996ஆம் ஆண்டில் நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே 2017ஆம் ஆண்டில் சேர்ந்தது. வெடியால் பாதிக்கப்பட்டோரின் பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும் துணைநிற்பது அவ்வுடன்படிக்கை கூறும் கடமைகளில் ஒன்று. நடமாடுவதற்கான கருவி தருமம் அன்று, உரிமை என்பதே இவற்றின் பொருள்.

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, செயற்கைக் கால் வழங்கும் ஒவ்வொருவரும், வழங்கிய எண்ணிக்கையோடு, ஓராண்டின் பின்னும் மூன்றாண்டின் பின்னும் பயன்பாட்டில் உள்ள எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, புஷ், திருகாணி, வார்ப்பட்டி முதலிய சிறு உதிரிகள் மாவட்ட வைத்தியசாலைகளிலேயே கிடைக்க வேண்டும். சிறு பழுதுக்காக ஒரு நாட்கூலியை இழந்து, பஸ்ஸுக்குப் பணம் தேடி, தூர நகரம் செல்லும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்றாவது, தேய்ந்து கழற்றப்பட்ட ஒவ்வொரு மூட்டும், எப்போது பொருத்தியது, எங்கே உடைந்தது, அணிந்தவர் என்ன தொழில் செய்பவர் என்ற குறிப்போடு பேணப்பட வேண்டும். உடைந்த மூட்டைக் குப்பையிலே எறிபவன் ஒரு பாடநூலை எறிகின்றான்.

நான்காவது கோரிக்கை உங்களை நோக்கியது, மாணவர்களே! உங்கள் பட்டறைகளிலே செய்முறைப் பாடத்துக்காக எத்தனையோ பொருள்களைக் கடைந்து, மதிப்பெண் பெற்றபின் மூலையிலே போடுகின்றீர்கள். அவற்றுள் ஒன்று நான்கு சட்ட முழங்காலாக இருக்கட்டும். ஆனால் அதைத் தனியே இருந்து வரையாதீர்கள். கால் இழந்த ஒரு மீனவரை, ஓர் உழவரை, பிள்ளை வளர்க்கும் ஒரு தாயை அழைத்து உங்கள் மேசையருகே இருத்துங்கள். அவர்கள் உங்கள் உதவியை எதிர்பார்த்து நிற்பவர்கள் என்று எண்ணாதீர்கள். அந்த மூட்டைப் பற்றி உங்களைவிட அதிகம் அறிந்த ஆசிரியர்கள் அவர்கள். எங்கே அழுத்துகின்றது, எங்கே ஓசை எழுகின்றது, எந்த மாதத்தில் தளர்கின்றது என்பதை அவர்களே சொல்வார்கள். சர்மாவுக்கும் சேத்திக்கும் கைகொடுத்தது அவ்வழியே.

பெரியோர்களே, ஒரு நாட்டின் பரிவை அது வழங்கும் பொருளின் தொகையால் அளக்க முடியாது. வழங்கிய பொருள் பழுதாகும் நாளிலே அந்நாடு எங்கே நிற்கின்றது என்பதாலேயே அளக்க முடியும். இனி எங்கேனும் செயற்கைக் கால் வழங்கும் விழாவுக்கு உங்களை அழைத்தால், தவறாது செல்லுங்கள், கைதட்டுங்கள். ஆனால் கைதட்டி முடிந்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: "சென்ற ஆண்டு கொடுத்த கால்களிலே இன்று எத்தனை நடக்கின்றன?" இக்கேள்வி ஊர்தோறும் ஒலிக்குமானால், நிலைத்து நிற்கும் மூட்டுகள் நம் நாட்டிலே தாமாகவே உருவாகும்.